உயரப் பயம்: மட்டுப்பா முதல் மாத்தூர் தொட்டிப்பாலம் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டம், அருமனை. அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. ஆலோசனைக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் உயரப் பயத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் மாறுவதில்லை. பலர் இதற்கென்று வருவதும் இல்லை. தூக்கமில்லை, வயிறு சரியில்லை என்று வந்து, எழுந்து போகும்போது கதவருகில் நின்று, "இன்னொரு காரியம், சிரிக்கக் கூடாது" என்று தொடங்குவார்கள்.

அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே போட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் பயத்தைப் பேடி என்போம், மொட்டை மாடியை மட்டுப்பா என்போம். தலை கறங்குது என்றால் சுற்றுகிறது, அசுகம் என்றால் நோய், ஒக்காது என்றால் முடியாது. மற்றபடி எல்லாம் எல்லோருக்கும் புரியும்.

உயரத்துல நின்னா எல்லாருக்கும்தான் பேடி வரும். இதுல நோய்னு சொல்ல என்ன கெடக்கு?

பேடி வருவது நோய் இல்லை, அது மனிதனுக்கு இயல்பானது. 1960-ல் எலினர் கிப்சன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பெரிய கண்ணாடிப் பலகையைப் போட்டு, அதன் ஒரு பாதியில் கட்டம் போட்ட துணியைக் கண்ணாடியை ஒட்டியும், மறுபாதியில் அதே துணியைக் கீழே தரையிலும் விரித்து வைத்தார்கள். பார்வைக்கு ஒரு பக்கம் திண்ணை, மறுபக்கம் பள்ளம். தவழும் குழந்தைகளில் பெரும்பாலானவை, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று கூப்பிட்டும் போகவில்லை.

நோய் என்று நாங்கள் சொல்வது வேறு. பயம் ஆபத்தின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாமல் இருக்க வேண்டும். ஆறு மாதமாவது விடாமல் தொடர வேண்டும். அதற்காக வாழ்க்கையை வளைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் மாடி அலுவலகம் என்பதால் வந்த வேலையை விட்டவர், மகள் குடியிருக்கும் திருவனந்தபுரம் ஃபிளாட்டுக்கு ஒருமுறைகூடப் போகாத அம்மா, இவர்கள் கதை அது. ஜெர்மனியில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது உயரம் ஒத்துக்கொள்ளாமல் தவித்ததாகச் சொன்னவர்கள் 28 சதவீதம். நோய் என்று சொல்லும் அளவுக்குப் போனவர்கள் 6.4 சதவீதம், பெண்களில் 8.6, ஆண்களில் 4.1. ஆண்களில் வெளியே சொல்லாதவர்கள் அதிகம் என்பது என் சந்தேகம்.

மேல போனா தலை கறங்குது. இது பேடியா, காதுல உள்ள அசுகமா, பிரஷரா?

எப்போது கறங்குகிறது என்று பாருங்கள். கட்டிலில் புரண்டு படுக்கும்போதோ, அலமாரி மேல் தட்டை அண்ணாந்து பார்க்கும்போதோ உலகமே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பிப் படுக்கவைத்தே காது மூக்கு தொண்டை மருத்துவர் சரிசெய்துவிடுவார். உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டினால் பிரஷர் பாருங்கள், முக்கியமாக பிரஷர் மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள்.

தரையில் எந்தக் குறையும் இல்லாமல், உயரத்தில் மட்டும், அல்லது உயரத்தை நினைத்தாலே நெஞ்சு படபடத்து, உள்ளங்கால் கூசி, கால் துவண்டு போனால் அது இங்கே நாம் பேசுகிற உயரப் பயம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் முதலில் உடம்பைப் பரிசோதித்துவிட்டு வரச் சொல்வது வழக்கம்.

தொட்டிப்பாலத்துல நிக்கும்போ பாலம் ஆடுவது மாதிரி இருக்கு. கூட வந்தவங்க ஆடலைங்கிறாங்க. ஆருக்கு சரி?

இரண்டு பேருக்கும் சரி. பாலம் ஆடவில்லை, நீங்கள் ஆடுகிறீர்கள். நேராக நிற்கும் மனிதன் எப்போதும் லேசாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டுதான் இருக்கிறான். அந்த அசைவைப் பிடித்துத் திருத்துவது மூன்று பேர் வேலை: கண், உள்காது, உள்ளங்கால். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால் உடம்பு கொஞ்சம் சாய்ந்ததுமே அது கண்ணில் நகர்ந்து தெரியும். மாத்தூர் தொட்டிப்பாலம் கால்வாய்த் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் பாலம்; அங்கே பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் நிற்கிறீர்கள். கீழே தெரிவது தென்னந்தலைகளும் ஆற்றுப் பாறையும்தான். அவ்வளவு தூரத்தில் இருப்பவை உங்கள் சின்ன அசைவுக்கு நகர்ந்து தெரியாது. எனவே உடம்பு கண்ணுக்குத் தகவல் கிடைக்கும்வரை இன்னும் கூடுதலாக அசைகிறது. காது 'அசைகிறோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது. அந்தத் தகராறுதான் ஆட்டமாகத் தெரிகிறது.

இதற்கு மேல் பயந்தவர் ஒன்று செய்வார்: கால் தசையை இறுக்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல், கட்டைபோல் நிற்பார். அது ஆட்டத்தைக் குறைப்பதற்குப் பதிலாக அசௌகரியத்தைக் கூட்டும். உயரப் பயம் உள்ளவர்கள் மேலிருந்து பார்க்கும்போது உயரத்தையும் உள்ளதைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவர் கண்ணுக்கு 115 அடி 115 அடியாக இல்லை.

உடனே உதவக்கூடியது: பக்கத்தில் அசையாத ஒரு பொருள், கைப்பிடிச்சுவரின் விளிம்போ ஒரு தூணோ, கண்ணின் ஓரத்தில் தெரியும்படி நில்லுங்கள். முதுகைச் சாய்க்க இடமிருந்தால் சாயுங்கள், உட்கார முடிந்தால் உட்காருங்கள். ஓடும் மேகத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பள்ளத்தைப் பார்ப்பதும் வேண்டாம்.

சின்னதுல அயினி மரத்துல இருந்து விழுந்தேன். அதுலேருந்துதான் இது வந்தது, இல்லையா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு சம்பவமே நினைவில் இல்லை; 'எப்போதும் இருந்தது' என்றுதான் சொல்வார்கள். நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பிறந்த குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் ஒரு வேடிக்கை வெளிவந்தது. சிறுவயதில் விழுந்து அடிபட்டவர்களிடம் 18 வயதில் உயரப் பயம் கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தது. பயமில்லாத பிள்ளைதான் மரத்தில் ஏறுகிறது, ஏறுகிற பிள்ளைதான் விழுகிறது, விழுந்த பிறகும் ஏறுகிறது என்று கொண்டால் கணக்கு சரியாகிறது.

சிகிச்சைக்குக் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எந்த மரம், எந்த வருடம் என்று தோண்டிக்கொண்டே இருப்பவர்கள் மட்டுப்பாவுக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

எங்க அப்பா பனையேறி. எனக்கு ஏணியில ரெண்டு படி ஒக்காது. இது ரத்தத்துல வராதா?

பயப்படும் சுபாவம் ஓரளவு பரம்பரையாக வரும். பயமின்மை அப்படிக் கைக்கு வந்து சேராது. உங்கள் அப்பாவும் முதல் நாளே உச்சிக்குப் போயிருக்க மாட்டார். காலில் தளைநார் போட்டு, நெஞ்சை மரத்தோடு சேர்த்து, முதலில் ஆள் உயரம், பிறகு பாதி மரம் என்று, பெரியவர் ஒருவர் கீழே நின்று பார்க்க, தினமும் காலையும் மாலையும் ஏறி ஏறிப் பழகியிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பனையேறிக்குக் கண்ணெதிரே ஒரு சாண் தூரத்தில் மரம் இருக்கிறது, கையும் காலும் நெஞ்சும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தரத்தில் நிற்பது வேறு. ஐம்பது பனை ஏறி இறங்குகிறவர் லிஃப்டில் ஏறிப் பத்தாவது மாடி பால்கனியில் நிற்கத் தயங்குவது உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மேல நின்னா குதிச்சிரலாம்னு தோணுது. சாகணும்னு ஆசையே இல்ல. எனக்கு மனசு சரியில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்க வருடக்கணக்கில் தயங்கியவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, தற்கொலை எண்ணமே வாழ்க்கையில் வராதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயரத்தில் இப்படித் தோன்றியதாக ஒப்புக்கொண்டார்கள். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கு இது கூடுதலாகத் தோன்றியது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: உடம்பு 'பின்னால் போ' என்று ஒரு கணத்தில் இழுத்துவிடுகிறது. காரணம் தெரியாத மனம் பிறகு யோசித்து, 'நான் குதிக்கப் பார்த்தேன் போல' என்று கதை கட்டுகிறது. அதாவது அது உயிரைக் காக்கும் பக்கத்து எண்ணம்.

ஆனால் தரையில் இருக்கும்போதும் சாவைப் பற்றி நினைப்பு வருகிறது, இருந்து என்ன என்று தோன்றுகிறது, இடம் நேரம் எல்லாம் மனதில் ஓடுகிறது என்றால் அது இந்தக் கேள்வி இல்லை. அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனாஸ், எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

பேடி மூத்து மயங்கி விழுந்துட்டா? அதுதானே பெரிய ஆபத்து?

மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பயத்தில் அது ஏறுகிறது. ரத்தத்தையும் ஊசியையும் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு மட்டும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கும். அவர்கள் நிஜமாகவே விழுவார்கள். உயரப் பயம் அந்த வகை இல்லை. கிறுகிறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேகவேகமாக மூச்சு வாங்குவது. விடும் மூச்சை நீளமாக விட்டால் சில நிமிடங்களில் குறையும்.

மேல போகாம இருந்தா தீர்ந்தது. அதுக்கு ஏன் சிகிச்சை?

உங்களுக்கு மேலே போக வேண்டிய தேவையே இல்லை, அதனால் எதையும் இழக்கவில்லை என்றால் வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன். வட்டக்கோட்டையில் சுவர் மேல் ஏறாமல் கடலைப் பார்த்துவிட்டு வரலாம், யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் விலகல் அதே இடத்தில் நிற்காது. அது கந்துவட்டிக் கடன் மாதிரி: அன்றைக்கு நிம்மதி, அப்புறம் வட்டி ஏறிக்கொண்டே போகும். முதலில் தொட்டிப்பாலம் வேண்டாம் என்பீர்கள். அடுத்து மார்த்தாண்டம் மேம்பாலத்தைத் தவிர்த்துக் கீழே நெரிசலில் போவீர்கள். அதற்கடுத்து துணி காயப்போட மட்டுப்பாவுக்கு மகனை அனுப்புவீர்கள். ஒவ்வொரு முறை விலகும்போதும் 'நல்லவேளை, தப்பித்தேன்' என்று மனம் குறித்துக்கொள்கிறது. போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை.

சிகிச்சைன்னா கூட்டிட்டுப் போய் மலை உச்சியில நிறுத்துவாங்களா?

மாட்டார்கள். அப்படி நண்பர்கள் செய்வார்கள், அதனால்தான் பலருக்கு முற்றிப்போகிறது. சரியான சிகிச்சை படிப்படியாக, உங்கள் சம்மதத்தோடு, பயம் தரும் இடத்தில் போதுமான நேரம் இருக்கப் பழக்குவது. ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் 1958-ல் இதன் ஆரம்ப வடிவத்தை எழுதினார். பயத்தை 0 முதல் 100 வரை நோயாளியே மதிப்பெண் போடும் பழக்கமும் அவர் தந்ததுதான். ஸ்வீடனின் லார்ஸ் யோரான் ஊஸ்ட் 1989-ல், சில குறிப்பிட்ட பயங்களுக்கு மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வு போதும் என்று காட்டினார்.

இதில் தைரியத்துக்கு வேலை குறைவு. பொறுமைக்குத்தான் வேலை. 'பயப்படாமல் நில்' என்று யாரும் கேட்கவில்லை. பயத்தோடேயே நில்லுங்கள், ஆனால் ஓடாதீர்கள் என்பதுதான் மொத்த மருத்துவமும்.

சரி, எங்க தொடங்கணும்? நம்ம ஊரு இடமா சொல்லுங்க.

முதலில் ஒரு தாளில் உங்களுக்குப் பயம் தரும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 100-க்கு எத்தனை என்று போடுங்கள். ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு வீட்டு மட்டுப்பா 30, இன்னொருவருக்கு 80. 30, 40 உள்ளதிலிருந்து தொடங்குங்கள், 10-ல் தொடங்கினால் நேரம்தான் போகும்.

மட்டுப்பாவை எடுத்துக்கொள்வோம். மாடிப்படிக் கதவில் நில்லுங்கள். பிறகு நடுவில். பிறகு கைப்பிடிச்சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. பிறகு சுவரைத் தொட்டு. பாசி படிந்த சிமெண்டில் உள்ளங்கை வியர்வை ஈரமாகப் பதியும். கையை எடுக்காதீர்கள், அந்த ஈரம் அங்கேயே காயட்டும். நெஞ்சளவு சுவர் இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில்லாத மட்டுப்பாவில் பயப்படுவது நோய் இல்லை, புத்தி.

ஒவ்வொரு தடவையும் போவதற்கு முன் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், எவ்வளவு நேரம் தாங்குவேன். 'கால் மடங்கிச் சுவரைத் தாண்டி விழுவேன், ரெண்டு நிமிஷம்' என்று எழுதியவர் இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்து அதை வாசித்துப் பார்ப்பதுதான் சிகிச்சையின் முக்கியமான இடம். பயம் பாதியாகும்வரை நிற்பது நல்லது. பாதியாகாவிட்டாலும், நினைத்தது நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் அன்றைய வேலை முடிந்தது.

அதற்குமேல் நம் பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லை. சிதறால் மலை சமணர் கோயிலுக்கு ஏறும் பாதை அகலமானது, உயரம் மெல்ல மெல்லத்தான் தெரியும். தொட்டிப்பாலத்தையே பல படியாக்கலாம்: முதலில் கீழே ஆற்றங்கரையில் நின்று தூண்களை அண்ணாந்து பார்ப்பது, பிறகு படிக்கட்டில் பாதி, பிறகு பாலத்தின் தொடக்கம், பிறகு முதல் தூண், பிறகு நடு ஆற்றுக்கு மேல். கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போங்கள். கோவளம் பக்கம் போகிறவர்கள் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளலாம்.

கண்ணை மூடிட்டு வீட்டுக்காரி கையைப் பிடிச்சிட்டு பாலத்தைத் தாண்டிட்டேன். கணக்குல வருமா?

பாலத்தைத் தாண்டியது கணக்கில் வரும், பயத்தைத் தாண்டியது வராது. 'அவள் கையைப் பிடித்திருந்ததால் பிழைத்தேன்' என்று மனம் எழுதிக்கொள்ளும். முதல் தடவை பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அடுத்த தடவை அவர் பத்து அடி பின்னால் வரட்டும். அதற்கடுத்து பாலத்தின் முகப்பில் காத்திருக்கட்டும்.

முன்னால தூணைப் பாரு, சாய்ஞ்சு நில்லுன்னு சொன்னீங்க. இப்போ ஒண்ணையும் பிடிக்காதேங்கிறீங்க. எது நிஜம்?

நல்ல கேள்வி. இரண்டும் வேறு வேறு சமயத்துக்கு. குடும்பத்தோடு வந்த இடத்தில், தவிர்க்க முடியாமல் ஒரு உயரத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது என்றால் ஆட்டம் பற்றிய கேள்வியில் சொன்ன உபாயங்கள் எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். பயிற்சிக்கென்று போகும் நாளில், அவற்றில் தொடங்கி ஒவ்வொன்றாக விடுங்கள். கைப்பிடிச்சுவரையே விட்டுவிடச் சொல்லவில்லை. அது எல்லோரும் பயன்படுத்துவது. மற்றவர்கள் செய்யாத, நீங்கள் மட்டும் செய்கிற காரியம் எதுவோ அதைத்தான் விட வேண்டும்.

ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பேடி கூடத்தான் செய்தது. எனக்கு இது ஒக்காது போல?

எப்போது இறங்கினீர்கள் என்று கேட்டால், 'தாங்காமல் ஓடி வந்தேன்' என்பார்கள். பயம் உச்சியில் இருக்கும்போது ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்ற பழைய பாடமே பலப்படும். தொடங்கிய படி உங்களுக்கு 80 ஆக இருந்திருக்கும். இரண்டு படி இறங்கி வந்து தொடங்குங்கள். ஓட வேண்டும் போலிருந்தால் முழுவதும் ஓடாமல், நான்கு அடி பின்வாங்கி, மூச்சு சீரானதும் திரும்பப் போங்கள். மாதம் ஒரு தடவை போவதைவிட ஒரே வாரத்தில் நான்கு நாள் போவது பலன் தரும்.

இதுக்கெல்லாம் நேரமில்ல. ஒரு மாத்திரை எழுதித் தாங்களேன்.

அல்பிரசோலம், லோரசெபம் வகை மாத்திரைகள் அன்றைய படபடப்பை அடக்கும். ஆனால் அடுத்த தடவைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. விமானப் பயம் உள்ளவர்களிடம் 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அல்பிரசோலம் போட்டு முதல் பயணம் போனவர்கள் நிம்மதியாகப் போனார்கள்; மாத்திரை இல்லாத அடுத்த பயணத்தில் மற்றவர்களைவிட அதிகம் தவித்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தாலும் இதே கதைதான்: வீட்டுக்காரி கை இருந்த இடத்தில் மாத்திரை இருக்கும். போதாததற்கு தூக்கக் கலக்கம், நிலைதடுமாற்றம், பழகிப்போகும் ஆபத்து. உயரத்துக்குப் போகிறவருக்கு நிலைதடுமாற்றம் நல்லதா என்று நீங்களே யோசியுங்கள்.

பிராப்ரனலால் படபடப்பை மட்டும் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் தொடவே கூடாது. உயரப் பயத்தோடு மனச்சோர்வோ, எல்லாவற்றுக்கும் பதறும் நோயோ சேர்ந்திருந்தால் மருந்துக்கு நல்ல இடம் உண்டு. அதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும், மெடிக்கல் ஸ்டோர் அண்ணாச்சி வேண்டாம்.

கண்ணுல மாட்டுற வி.ஆர். கருவியில பேடி மாறும்னு யூடியூப்ல பார்த்தேன். நிஜமா?

நிஜம்தான். கணினி உருவாக்கிய இடத்துக்குள் நிற்பதுபோலக் கண்ணுக்குக் காட்டும் கருவி அது. 1995-லேயே உயரப் பயத்துக்கு இதை முறையாகச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் உயரப் பயம் உள்ள 100 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் இந்தச் சிகிச்சை கொடுத்தார்கள். கருவிக்குள் ஒரு பத்து மாடிக் கட்டடம். சொல்லித் தருபவரும் கணினி உருவமே, சிகிச்சையாளர் கிடையாது. மொத்தம் சராசரியாக இரண்டு மணி நேரம். அவர்கள் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது.

விளையாட்டுக்காக வரும் உயர வீடியோக்களை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை பயமுறுத்தி ரசிக்க வைப்பதற்காகச் செய்தவை. அதையே படிப்படியாகப் பார்த்துப் பழகினால் கொஞ்சம் உதவலாம், ஆனால் தொட்டிப்பாலம் பக்கத்தில் இருக்கும்போது கருவிக்குச் செலவு செய்வதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். பாலத்தில் காற்றும் இருக்கிறது.

பயந்த கோளாறுன்னு ஓதி கயிறு கட்டிருக்கு. அவிழ்க்கணுமா?

வேண்டாம். கட்டிக்கொண்டே மாடி ஏறுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் மட்டும் எழுந்து வாருங்கள்.

பிள்ளைக்கு ஆறு வயசு. பார்க்குல சறுக்குல ஏறாம அழுவான். அவன் அப்பா தூக்கி மேல வைக்காரு.

அப்பாவை முதலில் நிறுத்துங்கள். இந்த வயதில் பயம் சாதாரணம், பெரும்பாலும் தானே போகும். 'ஆம்பளப் பிள்ள அழலாமா' என்று கேலி செய்வதும், 'விழுந்துருவ, விழுந்துருவ' என்று நாள் முழுக்கக் கத்துவதும் ஒரே விளைவைத்தான் தரும். பிள்ளைகள் பயத்தைப் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொள்கிறார்கள். சின்னச் சறுக்கின் இரண்டாம் படியில் உட்கார்ந்து கதை பேசட்டும். நாளை மூன்றாம் படி. அவன் இறக்கிவிடச் சொன்னால் இறக்கிவிடுங்கள், அப்போதுதான் அடுத்த தடவை நம்பி ஏறுவான்.

நான் கேரளத்துல பூச்சு வேலைக்குப் போறவன். சாரத்துல நிக்கவே ஒக்காம ஆயிட்டு. மேஸ்திரிகிட்ட சொல்லலாமா?

சொல்லுங்கள். கை நடுங்கும் ஆளைச் சாரத்தில் ஏற்றுவது அவருக்கும் ஆபத்து. கொஞ்ச நாள் கீழ்த்தள வேலை கேளுங்கள். எப்போதிலிருந்து என்பதையும் யோசியுங்கள். வருடக்கணக்காக ஏறிப் பழகியவருக்குத் திடீரென்று வந்தால் காது, பிரஷர், சர்க்கரை, குடி எல்லாவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். கூட வேலை செய்தவர் விழுந்ததைப் பார்த்த பிறகு வந்தது என்றால், இரவில் அந்தக் காட்சி கனவில் வருகிறதா என்று ஆலோசகரிடம் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை வேறு.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மேலே சொன்ன 'ஒவ்வொன்றாக விடுங்கள்' என்பது பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் பொருந்தாது. அவை பயத்துக்கான ஊன்றுகோல் இல்லை, உயிருக்கானவை. பயம் முழுக்கப் போன பிறகும் பெல்ட் இல்லாமல் ஏறாதீர்கள். வெறும் கவுங்குக் கம்பில் கட்டிய, பலகை ஆடும் சாரத்தில் பயம் வந்தால் சாரத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்துல மட்டும் கால் வைக்க முடியல. தொட்டிப்பாலம் பழகிட்டு. ஏன்?

2024 டிசம்பர் 30-ல் திறந்த பாலம் அது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவில், 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். உயரம் என்று பார்த்தால் மாத்தூர் பக்கத்தில்கூட வராது. ஆனால் காலுக்குத் தரை தெரிகிறது, கண்ணுக்குத் தரை இல்லை. கீழே அலை வேறு ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் கேள்வியில் வந்த குழந்தைகளின் நிலைமை இதுதான், கண்ணாடி உட்பட. ஒரு இடத்தில் போன பயம் இன்னொரு இடத்தில் தலைகாட்டுவது வழக்கம். அதனால்தான் ஒரே இடத்தில் பழகாமல் பல இடங்களில் பழகச் சொல்வது. கண்ணாடி இல்லாத ஓரத்தில் நின்று தொடங்குங்கள்.

பொன்முடிக்கு பஸ்ல போகும்போ ஜன்னல் பக்கம் உயிரு போகுது. இதுவும் அதேதானா?

பெரும்பாலும் அதுவே, கூடவே 'வண்டி என் கையில் இல்லை' என்ற பயமும். பொன்முடிப் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை மலையை ஒட்டிய பக்கம், அடுத்த தடவை நடு இருக்கை, பிறகு பள்ளத்துப் பக்க ஜன்னல். குமட்டல் மட்டும் வருகிறது, பயமில்லை என்றால் அது பயணக் குமட்டல், வேறு கதை. நீங்களே வண்டி ஓட்டுபவர் என்றால், பயணியாகப் பழகி முடித்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். பயிற்சிக்கு நடுவில் நால்வரை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

எல்லாம் மாறி ரெண்டு வருஷம் நல்லா இருந்தேன். மக பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வந்துட்டு. அப்போ அது சிகிச்சையே இல்லையா?

சிகிச்சைதான். பழைய பயம் அழிவதில்லை. அதன் மேல் 'இங்கே ஒன்றும் ஆகாது' என்ற புதுப் பாடம் உட்காருகிறது. தூக்கமில்லாத மாதங்கள், துக்கம், நீண்ட இடைவெளி ஆகியவற்றில் பழையது எட்டிப்பார்க்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பழைய தாளை எடுத்து, 40 இருந்த படியில் நில்லுங்கள். இரண்டாம் தடவை பயம் இறங்குவது சீக்கிரம் நடக்கும். பயம் போனவர்களுக்கு நான் சொல்வது, மாதம் ஒருமுறையாவது ஏதாவது ஓர் உயரத்துக்குப் போய்வாருங்கள் என்பதுதான்.

எங்க போய்க் காட்டணும்? எவ்வளவு செலவு ஆகும்?

குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் பக்கம் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி, பேரூர்க்கடை மனநல மையம். அரசு இடங்களில் பெரிய செலவு இருக்காது. மாவட்ட மனநலத் திட்டத்தில் வெளி ஊர்களுக்கு மருத்துவர் வரும் நாள் உண்டு, பக்கத்து அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். தனியாரிடம் போனால் மருத்துவ உளவியலாளரா, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. பயம் தரும் இடத்துக்குக் கூட வருவீர்களா என்றும் கேளுங்கள். நாற்காலியில் உட்காரவைத்துப் பேச மட்டும் செய்தால் இந்தப் பயத்துக்குப் போதாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக் மூன்றாம் மாடியில் இருந்தால் முன்னாலேயே போனில் சொல்லிவிடுங்கள். விவரம் தெரிந்தவர் என்றால் கீழே இறங்கி வந்து பார்ப்பார்.